புதன்கிழமைப் பெயர்கள்

பிஷ்கெக்
18 ஜனவரி 1998

அன்புள்ள அண்ணிக்கு,

சலாம். சிராஜிதீன் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சவ்சன் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? ராஷ்த்தில் இந்த வருடம் பனி கூரை வரைக்கும் வந்துவிட்டதாக லாரி ஓட்டும் தொக்தோசுன் சொன்னார். அடுப்புக்கு விறகு இருக்கிறதா?

ஒரு நல்ல செய்தி. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் குடும்பத்தோடு ஜெர்மனிக்கே போய்விட்டார். போகும்போது தன் சிற்றலை வானொலிப் பெட்டியை என்னிடம் விட்டுப் போனார். நாங்கள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தை மூடியபோது எடுத்து வந்த பழைய கணினியும் வீட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்து, கணினி சொன்னபடி வானொலி கேட்கும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன்.

எதற்கென்றால், வெளிநாட்டிலிருந்து நம் மொழியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நம் நாட்டுச் சண்டைக்குப் பயந்து எல்லை ஆற்றைக் கடந்து ஆப்கானிஸ்தானுக்கு ஓடியவர்கள் தங்கள் வீட்டாருக்குச் சொல்லும் செய்திகளை வாசிக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி. நம் வக்ஷ் பகுதிக்குப் புதன்கிழமை, மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் நான் சந்தையில் கடையில் நிற்பேன். கடையை விட்டு வர முடியாது. அதனால்தான் இந்த நிரல். இரண்டு மணிக்கு அதுவே வானொலியை எழுப்பும், சரியான அலைவரிசையில் வைக்கும், அரை மணி நேரம் பதிவு செய்யும், பிறகு தூங்கவைக்கும். நான் சாயங்காலம் வந்து கேட்டுக்கொள்வேன்.

சண்டை நின்று போன இலையுதிர் காலத்தில் அத்தனை பேரும் ஊர் திரும்பினார்கள், அண்ணன் மட்டும் வரவில்லை என்றால், அவர் இல்லை என்று அர்த்தமாகிவிடாது. நீங்கள் பிரசவத்துக்கு ராஷ்த்துக்குத் தாய்வீடு போயிருந்த அந்த மாதத்தில் அவர் ஆற்றைக் கடந்தார். கடந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் பார்த்தவர் இல்லை, அவ்வளவுதான்.

சவ்சனுக்கு என் முத்தம். அல்லாஹ் உங்களைக் காப்பானாக.

உங்கள் கொழுந்தன்,
சிராஜிதீன்

*

ராஷ்த்
20 பிப்ரவரி 1998

அன்புத் தம்பி சிராஜுக்கு,

அண்ணி மொஹ்பெகிமின் சலாம். நாங்கள் இருவரும் நலம். சவ்சனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உன் பெயரைச் சொல்லச் சொன்னால் "திராதிதீன்" என்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேபிள், நிரல் எதுவும் புரியவில்லை. அடுப்பில் அரிசியை வைத்துவிட்டு மறந்து, புலாவைக் கரியாக்கிய பையன்தானே நீ? இப்போது பெட்டிக்கு நேரம் தவறாமல் எழுந்திருக்கச் சொல்லிக்கொடுக்கிறாயாம். உங்கள் அண்ணன் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

எங்கள் வானொலியைச் சண்டை நடந்த வருடம் சிப்பாய்கள் எடுத்துப் போனது உனக்குத் தெரியும். மின்சாரமும் காலையில் இரண்டு மணி நேரம்தான். ஆகவே எனக்கு இருக்கும் காது உன் பெட்டி மட்டும்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். என் அண்ணன் அப்துகரீம் ஒரு வருடமாக என் மறுமணப் பேச்சை எடுத்துக்கொண்டே இருக்கிறார். நஸ்ருல்லோ என்று ஒருவர், கால்நடை வைத்தியர், மனைவியை இழந்தவர். போன வாரம் அண்ணன் நேராகவே கேட்டார்.

"அஞ்சு வருஷம் ஆச்சு. காணாமப் போனவனுக்கு நாலு வருஷம் காத்திருந்தா போதும்னு இமாம் சொல்றாரு. நீ யாருக்காக உக்காந்திருக்க?"

"என் புருஷனுக்காக."

"சண்டை நின்னாச்சு. எல்லாரும் வந்தாச்சு. இருந்தா வந்திருக்க மாட்டானா? நான் இன்னும் எத்தனை நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து மாவு பிசையச் சொல்றது என் பொண்டாட்டிகிட்ட?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் ஐந்து குழந்தைகள். ஒரு தவணை கேட்டேன். முசுக்கட்டைப் பழம் பழுத்து முடியும்வரை. அதுவரை என்னிடம் யாரும் பேசக்கூடாது. அவர் ஒத்துக்கொண்டார்.

எனவே தம்பி, ஜூன் முடியும்வரை உன் பெட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்.

தயிரை உருட்டிக் காயவைத்த குருத் ஒரு பை தொக்தோசுனிடம் கொடுத்திருக்கிறேன். வழியில் அவர் தின்றது போக மிச்சம் உனக்கு.

உன் நலம் வேண்டும்
அண்ணி

*

பிஷ்கெக்
12 மார்ச் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

சலாம். குருத் பாதிப் பை வந்து சேர்ந்தது. தொக்தோசுன் வெட்கமே இல்லாமல், "மலைப்பாதை நீளம் தம்பி, நான் என்ன செய்ய?" என்றார்.

அண்ணி, நேற்றுப் பதிவில் யார் பெயர் வந்தது தெரியுமா? நம் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்த ஒலிம்! அவர் ஆப்கானிஸ்தானில் மஸார் பக்கம் ரொட்டிக் கடையில் இருக்கிறாராம். "என் அம்மாவுக்குச் சொல்லுங்கள், நான் வருகிறேன்" என்று வாசித்தார்கள். நான் மூன்று முறை ஓட்டிக் கேட்டேன். அவருடைய அம்மா வக்ஷில்தான் இருக்கிறார். உடனே ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆகவே போனவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று உங்கள் அண்ணன் சொல்வது சரியில்லை. இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

நிலையத்தார் ஒவ்வொரு செய்தியையும் அடுத்தடுத்து மூன்று புதன்கிழமைகள் வாசிக்கிறார்கள். ஒரு வாரம் இரைச்சலில் தவறினாலும் அடுத்த வாரம் பிடித்துவிடலாம். இதுவரை ஒரு புதன்கூடத் தவறவில்லை. திரையில் எண்கள் ஓடி அலைவரிசை தானாக வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

முசுக்கட்டைப் பழம்வரை என்றால் இன்னும் பதினைந்து புதன்கிழமைகள். தைரியமாக இருங்கள்.

நவ்ரூஸ் புத்தாண்டு வாழ்த்துகள். சவ்சனின் புதுப் பற்கள் நேராக முளைக்கட்டும்.

சிராஜிதீன்

*

பிஷ்கெக்
24 ஏப்ரல் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

சலாம். பனிச்சரிவில் பாதை அடைபட்டு லாரிகள் நிற்பதாகச் சொன்னார்கள். அதனால்தான் உங்களிடமிருந்து பதில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

இங்கே ஒரு சின்னத் தொல்லை. கடைசி நான்கு புதன்கிழமைகளும் பதிவில் வெறும் இரைச்சல். ஒரு சொல்கூட இல்லை. பயப்பட வேண்டாம், இது புதிதல்ல. வசந்தம் வந்தால் இந்த நிலையங்கள் அலைவரிசையை மாற்றிக்கொள்ளும். பனிக்காலத்தில் ஒன்று, வெயில் காலத்தில் ஒன்று. எங்கே மாறியது என்றுதான் தெரியவில்லை. புது அட்டவணை கேட்டும், அண்ணன் பெயர் வந்ததா என்று கேட்டும் நிலையத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.

அதுவரை சும்மா இருக்கவில்லை. நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது அது இரண்டு மணிக்கு எழுந்ததும் ஐம்பது அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். எங்கே மனிதக் குரல் கேட்கிறதோ அங்கே நின்று பதிவு செய்யும். இரண்டு ஞாயிறுகள் சாப்பாடு மறந்து உட்கார்ந்து எழுதினேன். போன ஞாயிறு சோதித்தபோது அது பிடித்தது ஒரு சீனப் பாட்டு. ஆனாலும் வேலை செய்கிறது என்று தெரிந்ததே, போதும்.

கொஞ்சம் பொறுங்கள். கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள்
சிராஜிதீன்

*

ராஷ்த்
28 மே 1998

அன்புத் தம்பிக்கு,

சலாம். பாதை திறந்தது. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. ஒலிமின் செய்தியைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன், அவர் எனக்கு யாருமில்லை என்றாலும். அடுத்த கடிதத்தைப் பிரித்தபோது சத்தம் நின்றுவிட்டது என்று இருந்தது.

கிளைகளில் முசுக்கட்டை சிவக்கத் தொடங்கிவிட்டது. சவ்சன் உதட்டைக் கறுப்பாக்கிக்கொண்டு திரிகிறாள்.

நஸ்ருல்லோ ஒருநாள் எங்கள் பசுவைப் பார்க்க வந்தார். வேலை முடிந்து கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "உங்கண்ணன் அவசரப்படுத்துறாருன்னு கேள்விப்பட்டேன். என் பக்கம் அவசரம் ஒண்ணுமில்ல. உங்க மனசு ஒத்துக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க, நானே வேண்டாம்னு சொன்னதா சொல்லிக்கிறேன்." கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

தம்பி, என்னிடம் எதையும் மறைக்காதே. ஏதாவது கேட்டாயா? கெட்ட செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்றால், ஒன்றும் கேட்கவில்லை என்று எழுது. இன்னும் காத்திருக்கலாமா என்று எனக்குச் சொல்ல உன்னைத் தவிர யாருமில்லை.

துஆ செய்
அண்ணி

*

பிஷ்கெக்
9 ஜூன் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

சலாம். நலமா?

ஒன்றும் கேட்கவில்லை. பத்துப் புதன்கிழமைகள் ஆகிவிட்டன. நிலையத்திலிருந்தும் பதில் இல்லை. நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கடிதத்தை நான்கு நாட்களாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அவர் என் கூடப்பிறந்தவர். "காத்திருங்கள்" என்று சொல்லத்தான் கை வருகிறது. ஆனால் காத்திருப்பது நானல்ல, நீங்கள். உங்கள் அண்ணன் வீட்டு ரொட்டியைத் தின்பது நானல்ல. சவ்சனுக்குக் குளிர்காலச் செருப்பு வேண்டும், அதுவும் நான் தருவதல்ல.

மனதறிந்து சொல்கிறேன், அண்ணி. உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொல்லவே மாட்டேன். உங்கள் முடிவு எதுவானாலும் என்னைக் கொழுந்தனாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சிராஜிதீன்

*

ராஷ்த்
1 ஜூலை 1998

தம்பி சிராஜுக்கு,

சலாம். உன் கடிதம் கிடைத்தது. உனக்கு நன்றி.

முசுக்கட்டை உதிர்ந்து முடிந்தது. ஜூன் 26, வெள்ளிக்கிழமை, நிக்காஹ் நடந்தது. பத்துப் பேர், புலாவ் உண்டு, பாட்டு இல்லை. அப்படித்தான் நான் கேட்டேன். நஸ்ருல்லோவின் வீடு எங்கள் ஊர் ஆற்றின் அந்தப் பக்கம். அவருக்கு இரண்டு மகன்கள். பெரியவன் என்னோடு பேசுவதில்லை, சின்னவன் முதல் நாளே பொத்தான் தைக்கக் கொண்டுவந்தான். சவ்சனுக்கு வாசலருகே படுக்கை போட்டிருக்கிறோம்.

உங்கள் அண்ணனின் சட்டைகள் இரண்டு என்னிடம் இருந்தன. தொக்தோசுன் கையில் உனக்கு அனுப்புகிறேன். இங்கே வைத்துக்கொள்வது முறையல்ல, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை.

நீ என் கொழுந்தன்தான். அதில் மாற்றமில்லை. எழுது.

மொஹ்பெகிம்

*

ராஷ்த்
30 ஆகஸ்ட் 1998

தம்பிக்கு,

சலாம். இரண்டு மாதங்களாக ஒரு வரியும் இல்லை. தொக்தோசுனிடம் கேட்டேன். "ஆள் நல்லாத்தான் இருக்கான், கடிதம் குடுறான்னா 'அடுத்த தடவை'ன்னு சொல்லிட்டுக் கடைக்குள்ள போயிடுறான்" என்கிறார்.

கோபமா? ஜூன் மாதம் எழுதியது வேறு, மனதில் இருந்தது வேறா? அப்படியானால் அதையாவது எழுது. திட்டியாவது எழுது.

அண்ணி

*

பிஷ்கெக்
14 செப்டம்பர் 1998

அண்ணிக்கு,

சலாம். கோபம் இல்லை. கோபப்பட எனக்கு முகம் இல்லை.

உட்கார்ந்து படியுங்கள். அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

ஜூலை 9 அன்று நிலையத்திலிருந்து பதில் வந்தது. உங்கள் நிக்காஹ் முடிந்து பதின்மூன்றாம் நாள். நிகழ்ச்சி நிற்கவே இல்லை. அலைவரிசையும் மாறவில்லை. அதே இடம், உலக நேரப்படி அதே மணி. கூடவே ஒரு தாள். நான் கேட்ட பெயர் அவர்கள் ஏட்டில் இருந்ததாம். ஏப்ரல் 8, 15, 22, மூன்று புதன்கிழமைகளும் வாசித்திருக்கிறார்கள். அதை அப்படியே எழுதுகிறேன்:

"வக்ஷைச் சேர்ந்த மிர்ஸோ மகன் ஹிக்மதுல்லோ தன் மனைவி மொஹ்பெகிமுக்குச் சொல்வது. உயிரோடிருக்கிறேன். ஐந்து ஆண்டுகள் குந்தூஸில் ஒரு தளபதியிடம் கைதியாக இருந்தேன். இப்போது பெஷாவரில் செங்கல் சூளையில் வேலை. பிறந்தது மகனா, மகளா? ஒரு வார்த்தை அனுப்பு, வந்துவிடுகிறேன்."

நான் ஏன் கேட்கவில்லை? மார்ச் கடைசி ஞாயிறு இந்த நாட்டில் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். உங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லை. அன்று காலை நான் எழுந்து சுவர்க் கடிகாரத்தை மாற்றினேன், கைக்கடிகாரத்தை மாற்றினேன், கணினியின் கடிகாரத்தையும் என் கையாலேயே மாற்றினேன். நிலையம் நம் கடிகாரத்தைப் பார்த்தா பேசுகிறது? அது பழைய இரண்டு மணிக்கே பேசியது. அப்போது இங்கே மூன்று. என் நிரல் இரண்டு மணிக்கு எழுந்து, யாரும் பேசாத அரை மணி நேரத்தைப் பதிவு செய்துவிட்டு, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே வானொலியைத் தூங்கவைத்துவிட்டது. வாராவாரம். நானோ இரைச்சலைக் கேட்டுவிட்டு, நிலையத்தையும் வசந்தத்தையும் குறை சொல்லிக்கொண்டு, ஐம்பது அலைவரிசைகளில் தேடினேன். தேட வேண்டியது இடத்தையல்ல, நேரத்தை. ஒரே ஒரு புதன்கிழமை கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்து கையால் திருகியிருந்தால் போதும்.

நான்தான் உங்களிடம் "உங்களை யாரும் குறை சொல்ல முடியாது" என்று எழுதினேன்.

நிலையத்தார் தந்த முகவரியில் பெஷாவருக்கு எழுதினேன். அண்ணனின் பதில் வந்தது, அவர் கையெழுத்துதான். குளிர் தொடங்குவதற்குள் பிஷ்கெக் வருகிறார். உங்களைப் பற்றி, சவ்சனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மகள் என்று எழுதினேன். உங்களைப் பற்றி, "வந்ததும் பேசுவோம்" என்று எழுதினேன். வந்ததும் என்ன பேசுவேன், அண்ணி?

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

சிராஜிதீன்

*

ராஷ்த்
10 அக்டோபர் 1998

சிராஜ்,

சலாம். கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. படித்து முடித்ததும் தந்தூரில் ரொட்டி ஒட்டப் போனேன். எல்லா ரொட்டியும் சரியாக வந்தது. அது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து நஸ்ருல்லோவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். வெளியே போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார்.

"நீ போகணும்னு நினைச்சா சொல்லு. யார் கையிலயும் அனுப்ப மாட்டேன், நானே கொண்டுபோய் விடறேன்" என்றார்.

"வயித்துல இருக்கறதை என்ன செய்யறது?" என்றேன். எனக்கு மூன்றாம் மாதம், தம்பி.

இமாமிடமும் ஆள் அனுப்பிக் கேட்டோம். முதல் கணவன் உயிரோடு வந்து கேட்டால் உரிமை அவருக்குத்தான், மறுத்துச் சொல்ல எனக்கு வழியில்லை என்கிறார். பிறக்கப்போகும் பிள்ளை இந்த வீட்டுக்கு, நான் அந்த வீட்டுக்கு. சவ்சனுக்கு அப்பா வருவார், இந்தப் பிள்ளைக்கு அம்மா போவாள்.

என் மனம் என்ன சொல்கிறது என்று நீ கேட்கவில்லை. கேட்காதே.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் அண்ணன் வந்ததும், நான் காத்திருக்கவில்லை என்று சொல். இரண்டு வருடத்திலேயே மனம் மாறிவிட்டேன், செய்தி வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சொல். கடிகாரத்தைப் பற்றிப் பேசாதே. என் மேல் வெறுப்பு வந்தால் என்னைத் தேடி வரமாட்டார். எனக்கு அவரைத் தெரியும், ரோஷக்காரர். கடைசி நாள்வரை காத்திருந்தேன் என்று தெரிந்தால் அன்றே மலையேறி வந்துவிடுவார். அதோடு, மனைவியைத் திட்டித் தீர்த்துவிட்டு ஒரு மனிதன் வாழ்ந்துவிடலாம். உன்னையும் இழந்துவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? உனக்குத்தான் யார்?

இது என் வேண்டுகோள். அண்ணியாகக் கேட்கிறேன்.

வருபவருக்குப் பல் சரியில்லாமல் இருக்கலாம். சிறையில் இருந்தவர்களுக்கு அப்படித்தான் ஆகிறதாம். ரொட்டியைத் தேநீரில் நனைத்துக் கொடு.

மொஹ்பெகிம்

*

பிஷ்கெக்
21 ஜனவரி 1999

அன்புள்ள அண்ணிக்கு,

சலாம். உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? தண்ணீர் சுமக்காதீர்கள்.

அண்ணன் நவம்பர் 27 வந்தார். பேருந்து நிலையத்தில் நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து "டேய் சிராஜ்" என்றார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. இடது காலை இழுத்து நடக்கிறார். நீங்கள் சொன்னதுபோல் ரொட்டியை நனைத்துத்தான் கொடுத்தேன்.

முதல் நாளே கேட்டார். நீங்கள் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். "சரி" என்றார். நீங்கள் அனுப்பிய சட்டைகளைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார், தோளில் தொங்கியது.

பிறகு வார்த்தை வரத் தொடங்கியது. தினமும் சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஆறு வாரம் கேட்டேன். ஜனவரி 9, சந்தையிலிருந்து நம் ஊர்க்காரர் ஒருவரும் சாப்பிட வந்திருந்தார். அவர் எதிரில் அண்ணன் சொன்னார்:

"நான் அங்க சங்கிலியில கிடந்தேன். இவ இங்க ரெண்டு வருஷத்துல ஆள் தேடிட்டா. என் பொண்ணை எவனையோ அப்பான்னு கூப்பிட வச்சிருக்கா. வெட்கங்கெட்டவ."

வந்தவர் மெல்வதை நிறுத்தினார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அண்ணி, உங்கள் சொல்லை மீறிவிட்டேன்.

"அண்ணா, அவங்க காத்திருந்தாங்க. அஞ்சரை வருஷம். தவணை கேட்டு, அது முடியற நாள்வரைக்கும் காத்திருந்தாங்க. உங்க செய்தியைத் தவறவிட்டது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். விருந்தாளி எப்போது எழுந்து போனார் என்று தெரியாது. அண்ணன் கணினியின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "அந்தப் பதிவு இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுல ஒண்ணும் இல்லண்ணா. வெறும் இரைச்சல்."

"போடு."

ஏப்ரல் 8 போட்டேன். அரை மணி நேரம். 15 போட்டேன். 22 போட்டேன். நிறுத்தட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன், கையை ஆட்டி மறுத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் அந்த இரைச்சலைத் தலை குனிந்து கேட்டார். முடிந்ததும், "இதுக்கப்புறம் எவ்வளவு நேரத்துல என் பேரைச் சொன்னாங்க?" என்றார்.

"அரை மணி நேரத்துல."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

ராஷ்த்துக்குக் கிளம்பிவிடுவார் என்று பயந்து, நீங்கள் கர்ப்பமாக இருப்பதையும் சொன்னேன். மறுநாள் காலை பள்ளிவாசலுக்குப் போய், இமாமை வைத்து இரண்டு சாட்சிகளோடு ஒரு தாள் எழுதி வாங்கி வந்தார். உங்கள் மேல் தனக்கு எந்த உரிமையும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை என்று. இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "அவளைப் பத்தி நான் பேசினதையெல்லாம் நீ எழுதிடாதே." எழுதிவிட்டேன். நீங்கள் எதையும் என்னிடம் மறைக்கவில்லை, நானும் மறைக்க மாட்டேன்.

ஜனவரி 14 ரஷ்யாவுக்கு, யெகாதெரின்பர்க் போய்விட்டார், கட்டட வேலைக்கு. வண்டி ஏற்றிவிடப் போனேன். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போகணும்னுதான் நினைச்சேன்" என்றார். "வாயில வரமாட்டேங்குது. கொஞ்ச நாள் போகட்டும்."

இன்னும் கடிதம் வரவில்லை.

நிரலைச் சரிசெய்துவிட்டேன். இப்போது அது உலக நேரத்தை மட்டும்தான் பார்க்கும். புதன்கிழமை வரும் பெயர்களைத் தாளில் எழுதிச் சந்தையில் இருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் கொடுக்கிறேன். போன வாரம் எட்டுப் பெயர்கள்.

உங்கள்
சிராஜிதீன்

*

ராஷ்த்
19 பிப்ரவரி 1999

அன்புத் தம்பி சிராஜுக்கு,

சலாம். நான் நலம். ஏப்ரலில் பிரசவம் இருக்கும் என்கிறார்கள். தண்ணீரைச் சவ்சனும் பெரியவனும் சேர்ந்து கொண்டுவருகிறார்கள். அவன் இப்போது என்னோடு பேசுகிறான்.

தாள் வந்தது. நஸ்ருல்லோ அதைக் குர்ஆனுக்கு அடியில் வைத்தார். நான் கையெழுத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தேன். முன்பு "ஹ" எழுதும்போது அவர் அடியில் ஒரு வளைவு போடுவார். இப்போது போடவில்லை.

உன் மேல் கோபம்தான். சொல்லாதே என்று சொன்னதைச் சொல்லி, உன் அண்ணனை நீயே தொலைத்துக்கொண்டாய். நான் மறைத்துவைக்கச் சொன்னது உனக்காகவும்தானே, முட்டாள். இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே மாவு பிசைந்தேன்.

ஆனால் உண்மையை எழுதுகிறேன். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து இரவில் தூங்குகிறேன். ஊரில் இத்தனை பேர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. நான் காத்திருந்தேன் என்று அந்த ஒரு மனிதருக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. அவருக்கு அது நல்லதில்லை. எனக்கு நல்லதாக இருக்கிறது. இதை எண்ணி வெட்கமாகவும் இருக்கிறது.

அவர் எழுதுவார். அவர் ஒரு கோபத்தை முழுதாக ஒரு வருடம் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. இது பெரிய கோபம், இரண்டு வருடம் ஆகட்டும். வேலை செய்யும் இடத்தின் முகவரி தெரிந்தால் நீயே முதலில் எழுது. பதில் வராவிட்டாலும் எழுது.

சவ்சனிடம் சொல்லிவிட்டேன். எப்படியும் யாராவது சொல்வார்கள், நான் சொல்வதே நல்லது என்று. கழுவிய கம்பளியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தோம்.

"சவ்சன், உன்னைப் பெத்த அப்பா உயிரோட இருக்கார்."

"எங்க?"

"ரஷ்யாவுல. வேலைக்குப் போயிருக்கார்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். பக்கத்து வீட்டு மஸ்தூராவின் அப்பா, வகுப்பில் இருக்கும் ஜும்ஆகுல்லின் அப்பா, பால்காரம்மா வீட்டில் இரண்டு பேர்.

"எல்லாரோட அப்பாவும் அங்கதானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

நீ சாப்பாட்டை மறந்து உட்காராதே. எழுது.

உன் அண்ணி
மொஹ்பெகிம்